வெள்ளைப் பட்டும் உருண்டுபோன நட்டும்

ஊரிகம் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் சைக்கிள் கடையிலிருந்து போன வருடம் நான் ஓய்வு பெற்றேன். மாலை, சால்வை, பாராட்டுரை என்றெல்லாம் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். முழங்கால் போய்விட்டது, அவ்வளவுதான். கீழே குந்தினால் எழுந்திருக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. அந்த இரண்டு ஆளும் பஞ்சர் ஒட்ட வந்த வாடிக்கையாளர்களாக இருந்ததில் கடைக்குக் கெட்ட பெயர். அறுபதைத் தொடாத மனிதன் இப்படி முனகலாமா என்று என் மனைவி கேட்கிறாள். முனகலுக்கும் வயதுக்கும் சம்பந்தமில்லை, அது ஒரு தனித் திறமை என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

கடையை இப்போது நடத்துகிற சுரேஷ்தான் இதை எழுதச் சொன்னான். அவனுக்கு என் மேல் மரியாதை என்று நினைத்து மகிழ்ந்துபோய், என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன்.

"அந்தக் கல்யாணப் பொண்ணு கதைண்ணா. ஊர்ல ஆளுக்கொரு விதமா சொல்லிகினு கீறாங்க. நேத்து ஒருத்தன், பொண்ணோட சடை செயின்ல மாட்டிகிச்சு, பால்ராஜ் அண்ணன் சடையையே வெட்டிட்டாருன்னு சொல்றான்."

"வெட்டலடா."

"இன்னொருத்தர், நீங்க மயக்கம் போட்டு வுழுந்துட்டீங்கன்னாரு."

"மயங்கலடா. உக்காந்தேன். கொஞ்சம் வேகமா உக்காந்தேன்."

"அதைத்தாண்ணா எழுதிக் குடுங்க. கடையில மாட்டி வச்சிடறேன்."

ஆகவே எழுதுகிறேன். இதில் பொய் கலக்க வழியில்லை. என் மேஸ்திரி துரைக்கண்ணு பங்காருபேட்டையில் மகள் வீட்டில் திடமாக இருக்கிறார். எழுத்துக்கூட்டிப் படித்தாவது கண்டுபிடித்துவிடுவார்.

துரைக்கண்ணு மேஸ்திரி தங்கச் சுரங்கத்தின் ஒர்க்‌ஷாப்பில் பிட்டராக இருந்தவர். அவருக்குக் கையாளாக நான் சேர்ந்தேன். நான் தொழில் கற்ற வருடங்களை மூன்று வாக்கியத்தில் சொல்லிவிடலாம். அரம் எடு. அது இல்லை, பக்கத்தில் இருப்பதை எடு. தள்ளி நில். இவ்வளவு கற்றுத் தேர்வதற்குள் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். மேஸ்திரி ஸ்டேஷன் எதிரே சைக்கிள் கடை போட்டார். காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் சைக்கிளை எங்களிடம் விட்டுவிட்டுப் போவார்கள். சாயங்காலம் திரும்பும்போது ரிப்பேர் முடிந்திருக்க வேண்டும். என்னையும் கூட்டிக்கொண்டார். ஏன் என்று கேட்டதற்கு, "உன்னை வேற எவன் சேத்துப்பான்?" என்றார். வாழ்க்கையில் அதைவிட உருக்கமான வார்த்தையை அவர் என்னிடம் சொன்னதில்லை.

மேஸ்திரியின் ஒரு பழக்கத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கையில் வேலை இருக்கும்போது அவர் பேச மாட்டார். சுரங்கத்துக்குள் சத்தம் அதிகம், பேச்சு காதில் ஏறாது. ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜுக்கு மணிதான் மொழி. ஒரு மணி அடித்தால் நிறுத்து. இரண்டு அடித்தால் இறக்கு. மூன்று அடித்தால் உள்ளே ஆள் இருக்கிறார்கள், பார்த்து. இதை அப்படியே கடைக்குக் கொண்டுவந்துவிட்டார். கையில் சின்னச் சுத்தி ஒன்று எப்போதும் இருக்கும். சைக்கிளின் சீட்டுக் குழாயில் 'டிங்' என்று ஒரு தட்டு தட்டினால் நான் கையை நிறுத்த வேண்டும். 'டிங் டிங்' என்றால் திருப்பு. மூன்று தட்டினால் கையையே எடு, எங்கேயோ ஆபத்து. வாடிக்கையாளர்கள் எங்களைப் பார்த்து, ஏதோ சண்டையில் பேச்சை நிறுத்திக்கொண்ட அண்ணன் தம்பி என்று நினைப்பார்கள்.

நாளடைவில் அந்தச் சத்தம் என் காது வழியாகப் போகாமல் நேராகக் கைக்கே போய்விடும் அளவுக்குப் பழகிவிட்டது. வீட்டில் மனைவி தோசைக் கல்லை இரண்டு தட்டு தட்டினால் என் மணிக்கட்டு தானாகத் திரும்பும். சிரிக்காதீர்கள். சுரங்கத்துச் சங்கு ஊதிய காலத்தில் பாதி ஊரே அப்படித்தான் எழுந்து நடந்தது.

இனி நட்டு விஷயம். பழைய சைக்கிளில் நட்டு கழலாமல் போவதற்கு இரண்டு காரணம் உண்டு. ஒன்று துரு. இன்னொன்று மனிதன். துருவை மன்னிக்கலாம். மனிதன் என்ன செய்வான் என்றால், சரியான ஸ்பானர் இல்லை என்று கட்டிங் பிளேயரை எடுப்பான். பிளேயர் வழுக்கும், நட்டின் ஆறு மூலையும் மழுங்கும். கடைசியில் நட்டு கோலிக்குண்டு மாதிரி உருண்டைக்கு வந்துவிடும். அப்புறம் எந்த ஸ்பானரும் அதில் பிடிக்காது. அதன்பிறகுதான் அந்த மனிதன் கடைக்கு வந்து, "சும்மனே கொஞ்சம் டைட்டா கீது, பாருங்க" என்பான்.

மேஸ்திரியின் முறை இது. முதலில் கம்பி பிரஷ் போட்டு வெளியே தெரியும் திருகு மரையைத் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். பிறகு மண்ணெண்ணெய் சொட்டுச் சொட்டாக விட்டு, போய் டீ குடித்துவிட்டு வர வேண்டும். நட்டு குடிக்கும் வேகத்தில்தான் நாமும் குடிக்க வேண்டும் என்பார். திரும்பி வந்து நட்டின் தலையில் சுற்றிச் சுற்றிச் செல்லமாகத் தட்ட வேண்டும். அப்புறம்தான் முக்கியமான கட்டம். கழற்ற நினைக்கிற நட்டை முதலில் ஒரு மயிரிழை இறுக்க வேண்டும். இறுக்கினால் துருவின் பிடி உடையும், அதன்பின் எதிர்ப்பக்கம் திருப்பினால் வரும். அதற்கும் வரவில்லையென்றால் நெருப்பு காட்ட வேண்டும். மூலையே இல்லாத நட்டு என்றால் எதிரெதிராக இரண்டு பக்கத்தை அரத்தால் ராவித் தட்டையாக்கி, ஒரு சைஸ் சின்ன ஸ்பானரைத் தட்டி உட்கார வைக்க வேண்டும். ஒன்றும் நடக்காவிட்டால் உளி வைத்துப் பிளக்க வேண்டும். பிளப்பது தோல்வி என்பது மேஸ்திரியின் கொள்கை. நட்டைப் பிளந்த நாளில் அவர் மத்தியானம் சரியாகச் சாப்பிட மாட்டார்.

இதெல்லாம் எனக்குத் தலைகீழாகத் தெரியும். தெரிந்ததெல்லாம் பதற்றம் வந்தால் எங்கே போகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

அன்று எங்கள் கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருக்கிற தேவாலயத்தில் கல்யாணம். மணப்பெண் ஜெசிந்தா. எங்களுக்கு நன்றாகத் தெரிந்த பெண். பெங்களூரில் வேலை, தினமும் சைக்கிளை எங்கள் கடையில் விட்டுவிட்டு ரயில் ஏறுவாள். காலையில் கடை திறந்து டியூபில் காற்றடித்துக்கொண்டிருந்தேன். தெருக்கோடியில் பூ சுற்றிய கார் ஒன்று புகை விட்டுக்கொண்டு நின்றது. எஞ்சின் கொதித்துவிட்டது. மணப்பெண்ணின் கார்தான்.

ஜெசிந்தாவின் தம்பி எட்வினுக்கு அறிவு அதிகம். காத்திருக்காமல் யாரிடமோ ஒரு பழைய சைக்கிளை வாங்கி, அக்காவைப் பின்னால் கேரியரில் உட்கார வைத்து மிதித்துக்கொண்டு வந்தான். செயினுக்கு மூடி இல்லாத சைக்கிள். வெள்ளைப் பட்டுப்புடவை, தலையில் வலைத்துணி, கையில் பூங்கொத்து. பெண் ஒரு பக்கமாக, கால் இரண்டும் இடது புறம் தொங்க உட்கார்ந்திருந்தாள். அப்படி உட்கார்ந்தால் முதுகு செயின் பக்கம் இருக்கும். முந்தானை முதுகில் இருக்கும். மீதியை நீங்களே ஊகித்திருப்பீர்கள். எட்வின் மட்டும் ஊகிக்கவில்லை. எங்கள் கடைக்கு நேர் எதிரே பாரம் கூடுகிற மாதிரி தோன்றியதும், எழுந்து நின்று இன்னும் பலமாக மிதித்தான்.

"டேய்! நிறுத்துடா! எருமை! கழுத்து போகுதுடா!"

மணப்பெண்ணின் வாயிலிருந்து அன்று நாங்கள் கேட்ட முதல் வாழ்த்து அதுதான்.

ஓடிப்போய்ப் பிடித்தோம். முந்தானை பின்சக்கரத்தின் அச்சில், ஃப்ரீவீல் பல்சக்கரத்துக்கும் சைக்கிள் சட்டத்துக்கும் நடுவே கயிறு மாதிரி முறுக்கிச் சுற்றியிருந்தது. சக்கரத்தைப் பின்னால் உருட்டிப் பார்த்தோம். ஒரு விரற்கடை வெளியே வந்து நின்றுவிட்டது. இழுத்தால் பட்டு 'கிர்' என்றது.

பெண்ணை மெல்ல இறக்கி, சக்கரத்தின் பின்புறமாகச் சுற்றி வலது பக்கம் கொண்டுவந்து, கடை ஸ்டூலில் உட்கார வைத்தோம். முதுகு சக்கரத்தோடு ஒட்டியிருந்தது. முகம் தெருவைப் பார்த்திருந்தது. தெருவில் ஊரிகம் முழுவதும் நின்றுகொண்டிருந்தது.

எட்வின் கத்தரிக்கோல் கேட்டான்.

"கத்தரியைத் தொட்டே, உன் காதுதான் முதல்ல" என்றாள் ஜெசிந்தா. பிறகு குரலைத் தாழ்த்தி மேஸ்திரியிடம், "மாமா, இது மாப்பிள்ளையோட அத்தை எடுத்த புடவை. ரெஜினா அத்தை. நிச்சயத்தன்னிக்கே எங்கம்மா குடுத்த காப்பியில சக்கரை கம்மின்னு மூஞ்சியைத் தூக்கிகினு போனாங்க. அவங்க வார்த்தைக்கு அந்த வீட்ல மறுவார்த்தை இல்ல. கிழிஞ்ச முந்தானையோட போய் நின்னா இன்னா பேசுவாங்கன்னு நெனச்சிப் பாருங்க. கிழியாம எடுத்துக் குடுங்க மாமா" என்றாள்.

மேஸ்திரி தலையாட்டினார். கழற்ற ஒரே வழி, சக்கரத்தின் இரண்டு பக்க நட்டையும் எடுத்து, சக்கரத்தை உருவி, சுற்றிய துணியை அச்சின் முனை வழியாகக் கழற்றிவிடுவது. இடது பக்க நட்டு ஒரு திருப்பில் வந்தது. நான் கூட்டத்தைப் பார்த்து, "அஞ்சு நிமிஷம்!" என்று கையைக் காட்டினேன். அந்த வாயை அப்போதே மேஸ்திரி சுத்தியால் தட்டியிருக்கலாம்.

வலது பக்கம் குனிந்து பார்த்தேன். பட்டு மடிப்புக்கு நடுவே, நாட்டு நெல்லிக்காய் மாதிரி வழவழவென்று ஒரு நட்டு.

"எட்வினு, இதை எதாலடா டைட் பண்ணாங்க?"

"தெரியலண்ணா. இது எங்க பக்கத்து வூட்டு அங்கிள் சைக்கிளு. அவருகிட்ட பிளேயரு மட்டும்தான் கீது."

பதற்றத்தை மறைக்க, பழக்கதோஷத்தில் மண்ணெண்ணெய் டப்பாவை எடுத்தேன். மூடியைத் திறந்தேன். 'டிங் டிங் டிங்.' மேஸ்திரி மூன்று தட்டு தட்டிவிட்டார். டப்பாவின் மூக்கு வெள்ளைப் பட்டுக்கு நேர் மேலே இருந்தது. ஒரு சொட்டு விழுந்திருந்தால், ஆயர் ஆசீர்வாதம் சொல்லும்போது ஆலயம் முழுக்க எங்கள் கடை வாசனை வீசியிருக்கும்.

டப்பாவை வைத்துவிட்டு, அடுத்து நெருப்பு என்று நினைவு வந்து, ஊது விளக்கைப் பார்த்தேன். பார்த்தேன், அவ்வளவுதான். மேஸ்திரி என் கண்ணைப் பார்த்துவிட்டு, விளக்கைக் காலால் பெஞ்சுக்கு அடியில் தள்ளினார். உளி? ஓங்கி ஒரு அடி அடித்தால் நட்டு பிளக்கும், கூடவே உளி துணியிலும் இறங்கும். தெரிந்த வைத்தியம் ஒவ்வொன்றும் அந்தப் புடவையின் முன்னால் வரிசையாக மண்டி போட்டது. மிச்சம் இருந்தது அரம் மட்டும்.

கூட்டத்தில் பொன்னுரங்கம் இருந்தார். சுரங்கத்தில் கேஜுக்கு மணி அடித்த பெல்மேன். வேலை போனபின் ஊரில் எங்கே கூட்டம் கூடினாலும் முன்வரிசையில் நிற்பதை வேலையாக வைத்திருந்தார்.

"ஏம்பா பால்ராஜ், கை இப்படி ஆடுதே. அரத்தைப் புடிச்சி நில்லு, அதுவே ராவிக்கும்."

கூட்டம் சிரித்தது. ஜெசிந்தாவும் சிரித்தாள். சிரித்தபோது தோள் ஆடி, துணி இழுபட்டு, "ஐயோ" என்றாள். அதன்பின் யாரும் சிரிக்கவில்லை.

பேக்கரியிலிருந்து ஒரு பெரிய பிளாஸ்டிக் பை வாங்கி வந்து, நட்டைத் தவிர மற்றதையெல்லாம் மூடினோம். நான் குந்தி உட்கார்ந்து ராவினேன். மணப்பெண்ணின் முதுகுக்கும் சக்கரத்துக்கும் நடுவே என் தலை. மேலே மல்லிகைப் பூ, கீழே இரும்புத் தூள். வியர்வை சொட்டினால் பட்டில் விழுமே என்று நெற்றியில் துண்டைக் கட்டிக்கொண்டேன். துண்டு கண்ணை மறைத்தது. ஒரு பக்கத்தைப் பார்த்து ராவினேன், மறுபக்கத்தைக் கர்த்தரை நம்பி ராவினேன்.

"அண்ணா, ஆச்சா?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

"ஆய்டுச்சும்மா. ஆய்டுச்சு."

"இதையேதான் அப்ப இருந்து சொல்றீங்க."

"அப்ப சொன்னது உன் தைரியத்துக்கு. இப்ப சொல்றது என் தைரியத்துக்கு."

ஒரு சைஸ் சின்ன ஸ்பானர் ஒருவழியாக உட்கார்ந்தது. ஆனால் திருப்ப இடமில்லை. வலது பக்கமிருந்து திருப்பினால் ஸ்பானரின் வால் பெண்ணின் இடுப்பில் இடிக்கும். பெண்ணைத் தள்ளி உட்கார வைத்தால் துணி இழுபடும். ஆகவே மேஸ்திரி வலது பக்கம் உட்கார்ந்து துணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். மறு கையில் சுத்தி. நான் இடது பக்கம் போய், கேரியருக்கு மேலாகக் குனிந்து, கையை அந்தப் பக்கம் தொங்கவிட்டு ஸ்பானரைப் பிடித்தேன். என் வயிறு கேரியரில், தலை அந்தரத்தில். வௌவால் கூட இதைவிட வசதியாகத் தொங்கும்.

மேஸ்திரி சீட்டுக் குழாயில் இரண்டு தட்டினார். 'டிங் டிங்.' திருப்பு.

திருப்பினேன். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்தேன்.

அந்த நேரம் பார்த்து தேவாலயத்தில் முதல் மணி அடிக்க ஆரம்பித்தது. மணப்பெண் வாசலில் வந்து நிற்க வேண்டிய நேரம். ஆலயத்தில் மணி அடிக்கிற எங்கள் ஊர்க் கோவில்பிள்ளைக்கு ஒரு வழக்கம் உண்டு. துக்கத்துக்கு ஒற்றை மணி, கல்யாணத்துக்கு இரட்டை மணி. டங்-டங். கொஞ்சம் இடைவெளி. டங்-டங்.

என் கை அதைக் கேட்டது.

நான் கேட்கவில்லை என்பதைத் தயவுசெய்து கவனிக்க வேண்டும். நான் என்னும் ஆசாமி அப்போது பயத்தில் எங்கோ கடைசி ஸ்டேஷன் மாரிகுப்பம் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தான். கை மட்டும்தான் வேலையில் இருந்தது. அதற்குத் தெரிந்த சட்டம் ஒன்றே: இரண்டு அடித்தால் திருப்பு. டங்-டங், இழுத்தேன். டங்-டங், இன்னும் இழுத்தேன். மேஸ்திரி குழாயில் ஒற்றைத் தட்டு தட்டிக்கொண்டேயிருந்தாராம். நிறுத்து, நிறுத்து, நிறுத்து. பெரிய மணிக்கு முன்னால் சின்னச் சுத்தி எப்படி எடுபடும்?

கூட்டத்தில் பொன்னுரங்கம் வேறு, பழைய வேலை ஞாபகத்தில் கண்ணை மூடிக்கொண்டு, "ரெண்டு மணி... எறங்குது... எறங்குது..." என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். அவர் பக்கத்தில் நின்ற இரண்டு பழைய தொழிலாளிகள் அனிச்சையாக ஒரு அடி பின்னால் தள்ளி நின்றார்கள், கேஜுக்கு வழிவிட.

'டக்!'

ஏதோ உடைந்த சத்தம். ஸ்பானர் சட்டென்று அசைந்தது. மணியும் அதோடு நின்றது.

"கிழிஞ்சிடுச்சா?" என்றாள் ஜெசிந்தா. திரும்பிப் பார்க்க முடியாது அவளால். தெருவைப் பார்த்தபடியே கேட்டாள். "மாமா, கிழிஞ்சிடுச்சா? சொல்லுங்க. கிழிஞ்சிருந்தா நானே போய் அவங்ககிட்ட சொல்லிக்கறேன். சொல்லுங்க மாமா."

அப்போதுதான் நான் உட்கார்ந்தேன். முன்பே சொன்னேனே, வேகமாக என்று.

மேஸ்திரி குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு வேலை நடுவில் ஒருபோதும் வாய் திறக்காத மனிதர் வாயைத் திறந்தார்.

"துணி நல்லா கீதும்மா." பிறகு என் பக்கம் திரும்பி, "டேய். எந்தப் பக்கமா சுத்தின?"

"எப்பவும் சுத்தற பக்கம்தான் மேஸ்திரி."

"நீ எந்தப் பக்கம் நின்னுகினு சுத்தின?"

யோசித்தேன். நான் நின்றது இடது பக்கம். நட்டு இருப்பது வலது பக்கம். பின்னாலிருந்து பார்த்தால் எல்லாமே தலைமாறும். கழற்றுகிறேன் என்று நினைத்து, இவ்வளவு நேரமும் கல்யாண மணியின் தாளத்துக்கு அந்த நட்டை முழு பலத்தோடு இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"இறுக்கிட்டேனா?"

"இறுக்கிட்ட. துரு உடைஞ்சிடுச்சு." மேஸ்திரியின் முகத்தில் சிரிப்பா வலியா என்று சொல்ல முடியாத ஒன்று ஓடியது. "முதல்ல ஒரு மயிரிழை இறுக்கணும்னு உனக்கு இத்தனை வருஷமா சொல்றேன். ஒரு நாளும் செஞ்சதில்ல. இன்னிக்குக் கழட்டுடான்னா இறுக்கற. எழுந்திரு. இப்ப அந்தப் பக்கமா திருப்பு."

பிறகு அந்த நட்டு வந்த விதத்தை விவரிக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. வெண்ணெயில் போட்ட மாதிரி சுழன்று என் உள்ளங்கையில் விழுந்தது. இவ்வளவு நேரம் என்னைப் படுத்தியது நான் இல்லை என்கிற பாவனையில் கிடந்தது. சக்கரத்தை உருவினோம். மேஸ்திரி துணியை அச்சிலிருந்து ஒவ்வொரு சுற்றாக, குழந்தையின் கைவிரலிலிருந்து எதையோ வாங்குகிற மாதிரி எடுத்தார். ஒரு நூல் அறுபடவில்லை. முந்தானையின் ஓரத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் கருப்புக் கிரீஸ் கறை.

ஜெசிந்தா அதைப் பார்த்தாள். நாங்கள் அவளைப் பார்த்தோம். அவள் மூக்கை ஒருமுறை உறிஞ்சிவிட்டு, கறை உள்ளே போகும்படி ஓரத்தை இரண்டு மடிப்பு மடித்து ஊக்கு குத்தினாள்.

"எட்வின் சைக்கிள்ல சக்கரம் இல்ல. கார் இன்னும் கொதிக்குது. மாமா, என் சைக்கிள் எங்க?"

அவள் சைக்கிள் கடையில்தான் இருந்தது. முந்தின நாள் வேலைக்குப் போய்வந்தவள், தலையில் பூவைக்க நேரமாகிறது என்று சைக்கிளை விட்டுவிட்டு ஸ்டேஷனிலிருந்தே ஆட்டோவில் போய்விட்டாள். செயினுக்கு முழு மூடி போட்ட லேடீஸ் சைக்கிள். எட்வின், "நான் ஓட்டறேங்கா" என்றான். அவள் பார்த்த பார்வையில் அவன் இரண்டு அடி பின்னால் போனான்.

முந்தானையை இடுப்பில் செருகி, வலைத்துணியைக் கழுத்தில் சுற்றி, பூங்கொத்தை என் கையில் திணித்துவிட்டு, மணப்பெண் சைக்கிளில் ஏறி மிதித்துக்கொண்டு போய்விட்டாள். நான் பூங்கொத்தோடு பின்னால் ஓடினேன். எனக்குப் பின்னால் எட்வின். அவனுக்குப் பின்னால், அவசரமே இல்லாமல், கையைத் துடைத்துக்கொண்டு மேஸ்திரி. வழியில் நின்றவர்கள் கை தட்டினார்கள். யாருக்கு என்று தெரியாததால் நானும் ஒரு முறை கையசைத்தேன்.

இரண்டாம் மணிக்கு முன்னால் போய்ச் சேர்ந்தோம். சைக்கிளைச் சுவரோரம் சாத்திவிட்டு, வலைத்துணியைச் சரிசெய்து, என்னிடமிருந்து பூங்கொத்தை வாங்கிக்கொண்டு அவள் உள்ளே நடந்தபோது, காலையிலிருந்து நிழலில் உட்கார்ந்திருந்தவள் மாதிரி இருந்தாள். மாப்பிள்ளை பக்கத்து முதல் வரிசையில் ரெஜினா அத்தை. உயரம், கண்ணாடி, கட்டான கொண்டை. ஜெசிந்தா அவரைக் கடந்தபோது நான் கடைசி வரிசையில் கண்ணை மூடிக்கொண்டேன். ஜெபம் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். ஜெபம்தான்.

மோதிரம் மாற்றினார்கள். தாலி ஏறியது. ஆயர் ஆசீர்வதித்தார். பாட்டு முடிந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் வாசலுக்கு வந்தார்கள். யாரோ என் இடது கையில் ஒரு பிடி பூவிதழைக் கொடுத்து, "போடுங்க, போடுங்க!" என்றார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்த நிம்மதியில் எனக்குக் கண்ணில் தண்ணீர். கையை ஓங்கி, முழு மனதோடு வீசினேன்.

வீசியது வலது கை.

வலது கையில் என்ன இருந்தது என்பதை, அது மாப்பிள்ளையின் ஷூவில் பட்டு 'டணார்' என்று எகிறி, படிக்கட்டில் உருண்டு, ரெஜினா அத்தையின் செருப்பருகே போய் நின்றபோதுதான் நானே அறிந்தேன். கடையிலிருந்து அதுவரை அந்த நட்டை நான் கீழே வைக்கவே இல்லை.

ஜெசிந்தாவின் முகம் புடவையின் நிறத்துக்குப் போனது. அத்தை குனிந்து அதை எடுத்தார். வெளிச்சத்தில் காட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் நகத்தை மரைக்குள் விட்டுச் சுற்றினார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, ராவின பக்கங்களைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். ஒரு பூவிதழ் மட்டும் தாமதமாக விழுந்தது.

"மரை ஒண்ணும் ஆகல. நல்லா கீது" என்றார் அத்தை. பிறகு பெண்ணிடம் திரும்பாமலே, "முந்தானை மடிப்புல கீற கறைக்கு நாளைக்குக் கொஞ்சம் மண்ணெண்ணெ தொட்டுத் துடை, போயிடும். முட்டி போட்டப்பவே பாத்துட்டேன். சைக்கிள்ல மாட்டிகிச்சா?"

"ஆமா அத்தே" என்றாள் ஜெசிந்தா. எனக்கே கேட்காத குரலில்.

"கிழிக்காம எடுத்துட்டாங்களே. நான்னா கத்தரி போட்டுட்டு வந்திருப்பேன். துணி தானே."

ஜெசிந்தா என்னைத் தேடிப் பிடித்து ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் எப்படிப் பொறுப்பு?

அத்தை இன்னும் நட்டை விடவில்லை. நீட்டிப் பிடித்து, கூட்டத்தை ஒரு சுற்று பார்த்தார்.

"எங்க வூட்டுக்காரரு நந்திதுர்க் சுரங்கத்து ஒர்க்‌ஷாப்புல முப்பது வருஷம் பிட்டரு. ரெண்டு பக்கமும் ராவினா ஒண்ணுக்கொண்ணு நேரா நிக்கணும்பாரு. இது இன்னா, ஒரு பக்கம் நேரா கீது, ஒரு பக்கம் குடிச்சிட்டு சாஞ்சா மாதிரி கீது. எவன் ராவினது இதை?"

நான் தூணுக்குப் பின்னால் போகலாமா என்று பார்த்தேன். தூண் மெலிந்தது.

துரைக்கண்ணு மேஸ்திரி எனக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. என் முதுகில் உள்ளங்கையை வைத்து, இரண்டு படி கீழே, அத்தைக்கு நேர் எதிரே கொண்டுபோய் நிறுத்தினார்.

"இவன்தாம்மா" என்றார்.